மங்கலாய் நின்ற தாய்மாமன்

ஜோஸ்பினுக்கும் எனக்கும் நடுவே பதினோரு வருடமாக ஒரே ஒரு சுவர்தான். நாகல்நகரில் சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய போட்டோ ஸ்டுடியோ, இந்தப் பக்கம் என்னுடைய பிரேம் கடை. அவள் எடுக்கிற படங்களுக்கு நான் சட்டம் அடித்துக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிறேன். தொழிலில் அவ்வளவு நெருக்கம். கருத்தில் மட்டும் எங்களுக்குள் ஏழாம் பொருத்தம்.

என் குறை ஒன்றே ஒன்றுதான். இப்போது வருகிற படங்களில் பாதி மங்கலாக இருக்கிறது. கை ஆடி மங்கினால் மன்னித்துவிடலாம். இவர்கள் வேண்டுமென்றே மங்கவைக்கிறார்கள். முன்னால் இருக்கிற ஒரு முகம் பளிச்சென்று இருக்கும். பின்னால் நிற்கிற மனிதர்கள் கஞ்சிக்குள் விழுந்த மாதிரி கிடப்பார்கள். அதற்குப் பெயர் அழகாம். கண்ணாடி போட்டு மாட்டுவதே தெரிவதற்காகத்தான் என்று நினைக்கிற ஆள் நான். தெரியாத ஒன்றுக்கு நான் ஏன் மெனக்கெட்டுக் கண்ணாடி துடைக்க வேண்டும்?

இதை நான் சொல்லும்போதெல்லாம் ஜோஸ்பின் சிரிப்பாள். “முத்தண்ணே, எல்லாமே தெளிவா இருந்தா கண்ணு எங்க போய் நிக்கும்? தண்ணி கேனு, தூக்குவாளி, பின்னாடி பல்லுக் குத்துற ஆளு, அம்புட்டையுமா வீட்டுல மாட்டி வைப்பாங்க?” என்பாள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. கணவர் ஸ்டான்லி பள்ளிக்கூட வாத்தியார். கேமராவைத் தொடுவதற்கு முன்பு எட்டு வருடம் வேறொரு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஆல்பம் தயாரித்தவள். ஆயிரம் கல்யாணத்தைப் பார்த்திருக்கிறாள், ஒரு பந்தியில்கூட உட்கார்ந்ததில்லை. கண் மூடியவர்களுக்குக் கண்ணைத் திறந்து வைப்பாள். வராத பெரியப்பாவை வேறொரு வீட்டு விசேஷத்திலிருந்து வெட்டிக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்துவாள். இதெல்லாம் அவளுக்கு விளையாட்டு மாதிரிதான் இருந்ததாம், ஒரு நாள் வரைக்கும்.

அன்றைக்கு ஒரு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். மூத்த மருமகளோடு ஏதோ மனத்தாங்கல், பிரிந்துபோய்விட்டாள். இளைய மகன் கல்யாண ஆல்பத்தில் அவள் இருக்கிற படங்களிலெல்லாம் அவளை எடுத்துவிடச் சொன்னார்கள். நூற்று நாற்பது படங்கள். ஜோஸ்பின் இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தாள். கடைசிப் படத்தில் அந்தப் பெண் குனிந்து யாருக்கோ சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். அவளை எடுத்த பிறகு சந்தனக் கிண்ணம் மட்டும் அந்தரத்தில் நின்றது. அதையும் அழித்தாள். மறுநாள் வேலையை விட்டுவிட்டாள்.

அப்புறம் சொந்தமாகக் கேமரா வாங்கி, சுவருக்கு அந்தப் பக்கம் கடை போட்டபோது தனக்குத்தானே இரண்டு சட்டங்களையும் சேர்த்தே போட்டுக்கொண்டாள். முதல் சட்டம், எடுத்தது எடுத்ததுதான். யாரையும் சேர்க்கவும் மாட்டாள், நீக்கவும் மாட்டாள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதோடு சரி. இரண்டாவது சட்டம், விசேஷ வீட்டில் போனில் படம் எடுப்பதில்லை. “போன்ல எடுக்கத்தான் மண்டபத்துல முந்நூறு பேரு இருக்காங்களே, நான் எதுக்கு?” என்பாள். வளைகாப்பு, சடங்கு, காதுகுத்து என்று பெண்கள் கூடுகிற இடமெல்லாம் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். மூடியைக் கழற்றியதும் லென்ஸுக்கு ஒரு சிலுவை போடுவாள். அதற்குப் பிறகு அவள் குரல்தான் மேளத்துக்கு மேலே கேட்கும். முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவாள், எட்டு வருடப் பாக்கியைத் தீர்க்கிறவள் மாதிரி.

போன மாசியில் தமிழ்மதி என்கிற பெண்ணின் குழந்தைக்குக் காதுகுத்து. தமிழ்மதிக்கு இங்கே ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை. குலசாமி கோயில் எரியோடு பக்கம். தாய் தகப்பன் இல்லாத பெண், அண்ணன் மலைச்சாமிதான் வெங்காயம் போட்டு, முருங்கை போட்டுப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவர். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே காது குத்துவார்கள், அன்றைக்கு மாமன்தான் ராஜா. மலைச்சாமி இருபத்தொரு தட்டும் ஒரு கிடாயும் தங்கத் தோடுமாகச் சீர் கொண்டுவந்து, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, மீசையை நீவிவிட்டு உட்கார்ந்தாராம்.

குழந்தைக்கு ஆசாரியின் கம்பியைவிட ஜோஸ்பினின் கேமராவைக் கண்டுதான் பயம். குழாய் மாதிரி கறுப்பாக ஒன்று முகத்துக்கு நேரே வந்தால் யாருக்குத்தான் பயம் வராது? வீறிட்டு அழுதது. ஜோஸ்பின் வேறு வழியில்லாமல் இடுப்பிலிருந்த போனை எடுத்து நீட்டினாள். போனைக் கண்டதும் குழந்தை கப்சிப். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான். நீட்டிய போனில் சும்மா நாலு அமுக்கு அமுக்கினாள், உடனே மறுகையால் கேமராவைத் தூக்கி எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டாள். போனில் எடுத்ததை யாரிடமும் சொல்லவில்லை. அது அவளைப் பொறுத்தவரை கிலுகிலுப்பை ஆட்டிய கணக்கு.

சித்திரையில் ஆல்பம் வந்தது, கூடவே சுவரில் மாட்ட ஒரு பெரிய படம். குழந்தையின் முகம் பூத்த மாதிரி இருந்தது, கண்ணோரத்து ஈரம்கூடத் தெரிந்தது. அரை முழம் பின்னால் இருந்த தாய்மாமன் முகமோ என் பாஷையில் சொன்னால் கஞ்சி. நான் முனகிக்கொண்டே சட்டம் அடித்து, வாங்கிப் போக வருவார்கள் என்று கடை முகப்பில் மாட்டி வைத்தேன்.

இனி நடந்தது என் வாயால் வந்த வினை. மறுநாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் கடை வாசலில் நின்றார். சந்தைப்பேட்டையில் வெங்காயம் இறக்கிவிட்டு வந்தவர் என்பது வாசனையிலேயே தெரிந்தது. அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளைக்குச் சொந்தமாண்ணே?” என்றேன்.

“தாய்மாமன்.”

எனக்கு அப்போது சனி நாக்கில் உட்கார்ந்திருந்தது. “அப்படியா? மடியில வச்சிருக்கிறது யாரோன்னுல்ல நினைச்சேன்! ஆளே தெரியலையே, மீசை மட்டும்தான் இருக்கு” என்று சொல்லி நானே சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “வீட்டுல மாட்டப் போறது இதுதானா?”

“ஆமாண்ணே. ஆல்பத்துலருந்து அவங்களே பாத்துப் பாத்துப் பொறுக்கிக் குடுத்த படம்.”

ஜோஸ்பினின் மங்கல் படங்களைக் குத்திக்காட்டுவதாகத்தான் எனக்கு நினைப்பு. ஒரு மனிதரின் நெஞ்சில் குத்தியது எனக்குத் தெரியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார்.

பத்து நாள் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் தமிழ்மதியின் அழுகுரல் கேட்டது. வைகாசியில் புது வீடு குடிபோகிறாள். பிறந்த வீட்டுச் சீரென்று வந்து நிற்க அண்ணனை விட்டால் அவளுக்கு நாதி கிடையாது. அழைக்கப் போனவளிடம் அண்ணன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

“‘என்னையத்தான் படத்துல அழிச்சுட்டீங்களே, அழிஞ்சு போன ஆளு எதுக்கு வாரது’ன்னு கேக்குதுக்கா. எங்க வீட்டுக்காரரு வேணும்னே இந்தப் படத்தைப் பொறுக்கிக் குடுத்தாருன்னு நினைக்குது. படத்தை எங்க பாத்துச்சு, யாரு என்ன சொன்னாங்கன்னே தெரியல. பிள்ளை முகத்தப் பாத்துத்தான்க்கா அதைப் பொறுக்குனோம். வேற நினைப்பே இல்ல.”

“அது என் தப்பு தமிழு. பிள்ளை கண்ணுல வச்சேன் ஃபோகஸை. மாமன் மடின்னா மாமனும் தெரியணும்னு எனக்குத் தோணிருக்கணும்” என்றாள் ஜோஸ்பின்.

“கம்ப்யூட்டர்ல தெளிவாக்க முடியாதாக்கா?”

“லென்ஸு பாக்காததைக் கம்ப்யூட்டர் எங்கிருந்துடா கொண்டாரும்? மங்குனது மங்குனதுதான்.”

நான் இந்தப் பக்கம் கையில் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சாயங்காலம் ஜோஸ்பினே என் கடைக்கு ஓடிவந்தாள். “அண்ணே, போன்ல நாலு எடுத்தேன்! பிள்ளை அழுகைய நிறுத்த எடுத்தேன்ல, அது!” என்றாள். போனில் எடுத்தால் மட்டும் என்ன என்று கேட்டேன். அவள் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். பெரிய கேமராவில் மங்கல் என்பது படம் விழும்போதே விழுந்துவிடுகிறது, பிறகு மாற்ற முடியாது. போன் அப்படியில்லை. அதில் இரண்டு கண். எல்லாவற்றையும் தெளிவாகவே எடுத்துக்கொண்டு, எது கிட்டத்தில் எது தூரத்தில் என்பதையும் குறித்து வைத்துக்கொள்கிறது. மங்கலை அப்புறம்தான் அதுவாகப் பூசுகிறது. ஆகவே எடுத்து மூன்று மாதம் ஆனாலும், தெளிவை இந்த முகத்திலிருந்து அந்த முகத்துக்கு நகர்த்தலாமாம். நான் நம்பவில்லை.

அவள் கடைக் கம்ப்யூட்டரில் அந்த நாலு படமும் இருந்தன. ஆனால் அவை போனிலிருந்து வாட்ஸ்அப் வழியாக வந்த நகல்கள், அந்தத் தூரக் குறிப்பு வழியிலேயே உதிர்ந்துவிட்டது. அசல் வேண்டும். அசல் இருந்த போனைப் பங்குனியிலேயே ஸ்டான்லி சாருக்குக் கொடுத்துவிட்டாள். அவர் எத்தனை படத்தை அழித்தாரோ என்று வாசலிலேயே நின்றாள். பள்ளி விட்டு வந்த ஸ்டான்லி சார் போனை நீட்டினார். அதில் பதினோராயிரம் படங்கள் இருந்தன. வாத்தியார்கள் குழுவில் வந்த ஒரு காலை வணக்கத்தைக்கூட அந்த மனுஷன் அழித்ததில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அதற்காக அவருக்குப் பாராட்டுக் கிடைத்தது.

படத்தைத் திறந்தாள். குழந்தை அழுகையை நிறுத்தி வாயைப் பிளந்து நேரே பார்க்கிறது, மாமன் வழக்கம்போல் கஞ்சி. ஜோஸ்பின் விரலால் மாமன் முகத்தை ஒரு தட்டுத் தட்டினாள். அந்த முகம் மெதுவாகக் கரையேறி வந்தது. முதலில் மீசை, பிறகு மூக்கு, பிறகு கண். குழந்தை முகம் லேசாக மங்கியது.

மலைச்சாமி அழுதிருந்தார். குழந்தையின் காதில் கம்பி ஏறப்போவதைப் பார்க்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார், கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கி மீசையைத் தொட்டு நின்றது. கூட்டத்தில் இருந்த ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் குழந்தையைத்தானே பார்த்தோம் என்றாள் ஜோஸ்பின். இந்த மனிதரைப் பார்த்தா மீசை மட்டும்தான் இருக்கிறதென்று சொன்னேன்?

அவளோ போனைக் கீழே வைத்துவிட்டாள். “எடுத்தது எடுத்ததுதான்னு இத்தனை வருஷம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இதுவும் மாத்துறதுதானேண்ணே? ஒரு பொண்ண இருந்த எடம் தெரியாம அழிச்ச கை இது. போதாததுக்கு இது போன்ல எடுத்ததுன்னு வேற சொல்லணும்.”

“அவ இல்லைன்னு காட்டச் சொன்னாங்க, நீ காட்டுன. இந்த ஆளு அங்கதானேம்மா இருந்தாரு? இருக்கிற ஆளை இருக்காருன்னு காட்டுறதுல என்ன பொய்யி?” என்றேன். அதே மூச்சில் மற்றதையும் சொல்லிவிட்டேன். முகப்பில் மாட்டியது, கேலி பேசியது, பாத்துப் பாத்துப் பொறுக்கிக் குடுத்த படம் என்று எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது, எல்லாம்.

ஜோஸ்பினுக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்காது, குரல் இறங்கிவிடும். “அந்தப் பிள்ளை அழுதப்ப நீங்க சுவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேட்டுக்கிட்டா இருந்தீங்க?” என்றாள். ஆமாம் என்றேன். “ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாரேன். எரியோட்டுக்கு நீங்களும் வாறீங்க. உங்க வாயாலயே அவருகிட்டச் சொல்றீங்க.”

மறுநாள் தமிழ்மதி வந்து பார்த்தாள். போனில் எடுத்தது என்பதை ஜோஸ்பின் முதலிலேயே சொல்லிவிட்டாள். தமிழ்மதிக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. “அண்ணன் அழுதுச்சா?” என்று மட்டும் கேட்டாள், பல தடவை கேட்டாள்.

“ஆனா பாப்பா முகம் லேசா மங்குது பாரு” என்றாள் ஜோஸ்பின். “ரெண்டு பேரையும் சேத்துத் தெளிவாக்கலாம். ஆனா பின்னாடி இருக்கிறதும் சேர்ந்து வந்துருது.” காட்டினாள். மாமன் தலைக்குப் பக்கத்தில், புளியமரத்துக் கிளையில் சீர்க்கிடாய் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பாதி உரித்திருந்தார்கள். எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும் என்று பதினோரு வருடம் வாதாடிய நான் வாயைத் திறக்கவில்லை.

தமிழ்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “பாப்பா முகத்தத்தான் நாள் பூரா பாக்குறேனேக்கா. எனக்கு அண்ணன் முகம் தெரியட்டும்.”

அப்படியே பெரிதாகப் போட்டோம். என் கடையில் இருந்ததிலேயே நல்ல தேக்குச் சட்டத்தை எடுத்து அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஜோஸ்பின் ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் நான் படத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போனேன். வழியில் பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மலைச்சாமி களத்தில் வெங்காயம் காயவைத்துக்கொண்டிருந்தார், அவர் மனைவி பாண்டிச்செல்வி அதன் தாளை அறுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. நான் நின்ற இடத்திலேயே சொன்னேன். “அண்ணே, அன்னைக்கு நான் பேசுனது என் கொழுப்பு. உங்க தங்கச்சிக்கோ மச்சானுக்கோ அதுல பங்கு இல்ல. அவங்க பிள்ளை முகத்தப் பாத்துப் பொறுக்குன படம் அது.”

“தப்பு கேமராக்காரி தப்பு” என்று ஜோஸ்பினும் சொன்னாள். பிறகு படத்தைச் சுற்றியிருந்த துணியை எடுத்தாள்.

அவர் கையை வேட்டியில் துடைத்தார். துடைத்த பிறகும் படத்தைத் தொடவில்லை. கன்னத்தில் இறங்கிய சொட்டையே பார்த்தார்.

“இது… அன்னைக்குக் காலையில வெங்காய மூட்டை தூக்குனேன். அந்தக் கையோட கண்ணத் தேச்சுட்டேன். அதான் எரிச்சலு” என்றார்.

பாண்டிச்செல்வி அறுப்பதை நிறுத்தவே இல்லை. “அன்னைக்கு ஏது மூட்டை? காட்டுல நட்டு முழுசாப் பத்து நாளு ஆகல” என்றாள்.

அவர் மனைவியை முறைத்தார். பிறகு குரல் மாறிவிட்டது. “இதையா எந்தங்கச்சி வீட்டுல மாட்டப் போகுது? பிள்ளை மங்கிருக்கே தாயி.”

ஜோஸ்பின் கையோடு கொண்டுவந்திருந்த ஸ்டான்லி சார் போனில் படத்தைத் திறந்து எப்படித் தட்டுவது என்று காட்டினாள். மண் ஒட்டிய விரலால் குழந்தையைத் தட்டினார். குழந்தை தெளிந்தது. தன்னைத் தட்டினார். மறுபடி குழந்தை. மறுபடி தான். விளையாட்டுச் சாமான் கிடைத்தவர் போல ஐந்தாறு தடவை தட்டிவிட்டு, “போன்லயா எடுத்த? அப்ப அம்புட்டுப் பெரிய கேமராவ எதுக்குத் தூக்கிட்டுத் திரியிற?” என்றார். ஜோஸ்பின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைசியில் குழந்தை தெளிவாக இருக்கிற இடத்தில் விரலை நிறுத்தினார். “எங்க வீட்டுக்கு ஒண்ணு இப்படிப் போட்டுக் குடு தாயி. எம் மூஞ்சிய நான் தெனமும் கண்ணாடியில பாத்துக்கிறேன். பிள்ளையத்தான் நினைச்ச நேரம் பாக்க முடியல.”

தமிழ்மதி சொன்னது இவருக்குத் தெரியாது. நானும் ஜோஸ்பினும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டாவது சட்டமும் தேக்கிலேயே அடித்தேன். திரும்பக் கொண்டுவந்ததும் புதியதுமாக, ஒரே படம் இரண்டு விதமாய் என் கடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றது. மாற்றிக் கொடுத்துவிடக் கூடாதென்று பின்பக்கம் பெரிதாகப் பெயர் எழுதி வைத்தேன். இதோடு என் வழக்கை வாபஸ் வாங்கிவிட்டேனா என்று ஜோஸ்பின் கேட்டாள். மங்கல் இன்னும் எனக்குப் பிடிக்காது. அந்த இரண்டு படத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

வைகாசியில் வீடு குடிபோன அன்று விடியும் முன்பே மலைச்சாமி பசுவும் கன்றுமாக வண்டியில் வந்து இறங்கிவிட்டார். சீர்த்தட்டு இந்தத் தடவை இருபத்தேழு. கூடத்துச் சுவரில் தன் முகம் தெளிவாக மாட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, கூச்சத்தில் அதற்கு முதுகைக் காட்டியே நின்றார். குழந்தை தாவி அவரிடம் போனது. மச்சான், தங்கை, பாண்டிச்செல்வி எல்லோரையும் நிற்கவைத்து ஜோஸ்பின் பெரிய கேமராவைத் தூக்கினாள். லென்ஸுக்குச் சிலுவை போட்டாள்.

“அண்ணே, ஒரு எட்டு முன்னாடி வாங்க. பிள்ளைக்கு நேரா நில்லுங்க, இல்லாட்டி மறுபடி மங்கிருவீங்க” என்று கத்தினாள்.

மலைச்சாமி நகரவில்லை. குழந்தையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

“நீ பிள்ளையப் பாத்து எடு தாயி. என்னையத் தெளிவாப் பாக்க என் தங்கச்சி இருக்கு” என்றார்.

தமிழ்மதி அழுதுவிட்டாள். ஜோஸ்பின் கேமராவை இறக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி தூக்கி எடுத்தாள். நான் முதல் பந்தியில் அவளுக்கும் எனக்கும் இடம் பிடிக்கப் போனேன்.